பணிநேர அட்டவணை வகுப்பவர்களுக்கு: இடைவேளையை ஆளின் விருப்பத்துக்கு விடாதீர்கள்

வணக்கம்.

ஆலை, அலுவலகம், கிடங்கு, மருத்துவமனை, கட்டுப்பாட்டு அறை என்று எங்கே இருந்தாலும், மற்றவர்கள் எப்போது வேலையைத் தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்று தீர்மானிக்கிற மேலாளர்களுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும் இதை எழுதுகிறோம். உழைக்கிற உடலின் நேரக்கணக்கைப் படித்து, வேலையை அதற்கேற்ப அமைத்துத் தருவது எங்கள் தொழில். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். உங்கள் பணி விதிகளில் “தேவைப்படும்போது சிறிது ஓய்வு எடுத்துக்கொள்ளலாம்” என்று ஒரு வரி இருந்தால், அதை அடித்துவிடுங்கள். அந்த இடத்தில் மணியையும் நிமிடத்தையும் எழுதுங்கள்.

அந்த வரி பார்வைக்குப் பரிவாகத் தெரியும். நடைமுறையில் அதனால் யாருக்கும் ஓய்வு கிடைப்பதில்லை. வரிசையில் நிற்பவர் எழுந்து போனால் பக்கத்தில் இருப்பவர் தலையில் வேலை விழும். அதற்கு அஞ்சியே அவர் எழ மாட்டார். புதிதாகச் சேர்ந்தவர் மூத்தவர் எழுகிறாரா என்று பார்ப்பார். மூத்தவர் மேற்பார்வையாளரின் முகத்தைப் பார்ப்பார். இதைவிடப் பெரிய சிக்கல் மூளையிலேயே இருக்கிறது: களைத்த மூளைக்குத் தன் களைப்பை அளக்கத் தெரியாது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், இரவுக்கு 6 மணி நேரமோ அதற்கும் குறைவாகவோ 14 நாட்கள் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போனது. இரண்டு இரவுகள் வரை ஒரு பொட்டும் தூங்காதவர்களின் நிலைக்கு அது இறங்கியது. ஆனால் தூக்கக் கலக்கம் எவ்வளவு என்று கேட்டபோது அவர்கள் தந்த மதிப்பு முதல் சில நாட்களில் கொஞ்சம் ஏறியதோடு சரி. அதன்பின் பெரிதாக மாறவில்லை. உள்ளே சரிவு தொடர்ந்தது, அது சரிகிறது என்ற உணர்வு மட்டும் நின்றுபோனது. அப்படிப்பட்ட ஒருவரிடம் “உங்களுக்குத் தேவைப்படும்போது எழுந்து கொள்ளுங்கள்” என்று சொல்வதில் என்ன பயன்?

விபத்துக் கணக்கும் இதையே சொல்கிறது. பிரிட்டனில் ஒரு கார் ஆலையின் காயப் பதிவுகளை ஆராய்ந்து 2003இல் லான்செட் இதழில் ஒரு கட்டுரை வந்தது. இரண்டு இடைவேளைகளுக்கு நடுவே உள்ள 2 மணி நேரத்தை அரை அரை மணியாகப் பிரித்துப் பார்த்தார்கள். முதல் அரை மணியில் இருந்த காய அபாயம் கடைசி அரை மணியில் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. இடைவேளைக்குப் பிறகு அது மறுபடி கீழே இறங்கியது. கண்காணிப்பு வேலையில் சரிவு இன்னும் சீக்கிரம் வரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ராடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஏன் சமிக்ஞைகளைத் தவறவிடுகிறார்கள் என்று கண்டறிய, உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஒரு கடிகாரச் சோதனையை வடிவமைத்தார். முள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். பார்ப்பவர் அதைக் கவனித்துச் சொல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே தவறவிடுவது கூடிவிட்டது. திரை பார்க்கும் வேலைக்கு 2 மணி நேரத் தொடர் அமர்வு போடுகிறவர்கள் இந்த ஒன்றையாவது மனத்தில் வைக்க வேண்டும்.

இனி உடலின் கடிகாரம். மூளையின் அடிப்பகுதியில், ஹைப்போதலாமஸில், இரண்டு கண்ணரம்புகளும் குறுக்கிட்டுப் போகும் இடத்துக்குச் சற்று மேலே ஏறத்தாழ 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு திரள் இருக்கிறது. உடலின் தலைமைக் கடிகாரம் அதுதான். அதன் சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். காலை வெளிச்சம் கண் வழியே போய் அதை நாள்தோறும் திருத்துகிறது. உயிரணுவுக்குள் இந்தச் சுற்று எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களில் கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. பகலில் வேலை செய்து இரவில் தூங்குகிறவரின் உள் உடல் வெப்பம் வைகறை 4, 5 மணி வாக்கில் மிகத் தாழ்ந்து, மாலையில் உச்சத்துக்கு வரும். விழிப்பும் கை வேகமும் பெரும்பாலும் அந்த ஏற்ற இறக்கத்தோடுதான் போகும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்து இயங்குகிறது. விழித்த நொடியிலிருந்து மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரச் சேரத் தூக்கத்தின் அழுத்தம் கூடும். தூக்க ஆய்வாளர் அலெக்சாண்டர் போர்பெலி 1982இல் இந்த இரண்டையும் இணைத்து ஒரு விளக்கம் தந்தார். பிற்பகல் அசதிக்கான காரணம் அதில்தான் இருக்கிறது. ஒரு மணிக்கும் நாலு மணிக்கும் நடுவே காலையிலிருந்து சேர்ந்த அழுத்தம் கனத்துவிடுகிறது. அதை எதிர்த்து நிற்கும் கடிகாரத்தின் மாலை உந்துதல் இன்னும் முழு வலுவுக்கு வரவில்லை. அந்த இடைவெளியில்தான் கண் அசருகிறது.

உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். ஆனால் சாப்பிடாமல் இருப்பவருக்கும் அந்த நேரத்தில் மயக்கம் வரும் என்பது சோதனைகளில் தெளிவான விஷயம். வயிறு நிறையச் சாப்பிட்டால் அது கூடும், அவ்வளவுதான். ஆகவே “மதியம் அளவாகச் சாப்பிடுங்கள்” என்று சுவரில் அறிவிப்பு ஒட்டுவது தீர்வாகாது. இரண்டு மணிக்குத் தலை கவிழ்ந்தவரைச் சோம்பேறி என்று குறித்து வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

இங்கே ஒரு எச்சரிக்கை. “90 நிமிடம் வேலை, 20 நிமிடம் ஓய்வு, உடலின் இயல்பான சுற்று இதுதான்” என்ற சூத்திரத்தை யாராவது உங்களிடம் விற்க வந்தால், வாங்க வேண்டாம். தூக்கத்தில் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்று இருப்பது உண்மை. விழிப்பிலும் அது தொடர்கிறது என்பது தூக்க ஆய்வாளர் நதானியல் கிளைட்மனின் கருத்து. ஆனால் விழித்திருக்கும்போது அந்தச் சுற்று தூக்கத்தில் தெரிவதுபோல் சீராகத் தெரிவதில்லை. தூக்கத்திலேயே அது ஆளுக்கு ஆள், சுற்றுக்குச் சுற்று மாறும். அதை நம்பி ஒரு கூட்டத்துக்கே அட்டவணை போட முடியாது. தொடர்ந்து ஒரே வேலையில் 50 முதல் 60 நிமிடம் என்ற உச்ச வரம்பைத்தான் நாங்கள் பரிந்துரைக்கிறோம். அதற்குக் காரணம் தசையும் கண்ணும் கவனமும்.

தசை சுருங்கி அப்படியே நிற்கும்போது தனக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைத் தானே நெரிக்கிறது. முழு வலுவில் பாதியைப் போட்டு ஒரு பொருளை அசையாமல் பிடித்தால் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் கை தளர்ந்துவிடும். சுமை குறையக் குறைய நேரம் நீளும். ஆனால் விசைப்பலகைமேல் தூக்கி வைத்த தோள்கூட மணிக்கணக்கில் தாங்காது. நன்றாகக் களைத்த பிறகு அரை மணி ஓய்ந்தாலும் தசை முழுதாக மீளாது. களைப்பு ஏறுவதற்கு முன்பே 5 நிமிடம் விட்டால் சீக்கிரம் மீளும். மொத்த ஓய்வு நிமிடங்கள் ஒன்றாகவே இருந்தாலும், அடிக்கடி கொடுத்த சிறு இடைவேளை எப்போதோ கொடுத்த பெரிய இடைவேளையைவிட மேல் என்பதற்கு இதுதான் காரணம். முதுகெலும்பின் வட்டுகளுக்கு வளர்ந்த வயதில் நேரடி ரத்த ஓட்டமே கிடையாது. சுற்றியுள்ள திசுக்களிலிருந்து கசிந்து வருவதுதான் அவற்றுக்கு ஊட்டம். நிலை மாறி மாறி இருந்தால்தான் அது நன்றாக நடக்கும். திரையை உற்றுப் பார்க்கும்போது கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்து, கண்ணின் மேற்பரப்பு உலர்கிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை 6 மீட்டருக்கு அப்பால் உள்ள எதையாவது 20 நொடி பார்ப்பது பார்வையைக் குவிக்கும் தசையைத் தளர்த்தும். இதற்கு எழவே வேண்டாம்; அட்டவணையில் எழுதவும் வேண்டாம்.

“இவ்வளவு இடைவேளை கொடுத்தால் உற்பத்தி என்ன ஆகும்?” நியாயமான கேள்வி. இறைச்சி பதப்படுத்தும் ஆலை ஒன்றில் வழக்கமான இடைவேளைகளோடு நாளுக்கு 36 நிமிடம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2001இல் வெளிவந்தது. 3 நிமிட இடைவேளைகள் பன்னிரண்டு ஒரு முறை, 9 நிமிட இடைவேளைகள் நான்கு இன்னொரு முறை. இரண்டிலும் உற்பத்தி குறையவில்லை. ஆட்கள் விரும்பியது 9 நிமிடத்தைத்தான். அமெரிக்காவில் தரவு உள்ளிடும் வேலையில் மணிக்கு 5 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தபோதும் அப்படியே: வேலையின் அளவு குறையவில்லை, கண்ணெரிச்சலும் உடல்வலியும் குறைந்தன. காரணம் எளிது. அசதியான கடைசி அரை மணியில் வேகம் எப்படியும் தானாகக் குறைகிறது, திருத்த வேண்டிய பிழை கூடுகிறது. அந்த நேரம் கணக்கில் வராமலே போய்க்கொண்டிருந்தது.

காலை 8 முதல் மாலை 4.30 வரையான பகல் ஷிப்டுக்கு நாங்கள் போடும் அமைப்பு இது. 8.55க்கு 5 நிமிடம். 9.55க்கு 15 நிமிடம். 11.05க்கு 5 நிமிடம். 12 மணிக்குச் சாப்பாட்டுக்கு 40 நிமிடம். 1.30க்கு 20 நிமிடம். 2.45க்கு 5, 3.35க்கு 10. மொத்தம் 100 நிமிடம். தொடர்ந்து வேலை செய்யும் எந்த ஓட்டமும் 55 நிமிடத்தைத் தாண்டாது. வழக்கமான இரண்டு 15 நிமிடமும் 40 நிமிடச் சாப்பாடும் சேர்ந்து 70 நிமிடம் ஆகிறது என்று வைத்தால், கூடுதல் வெறும் 30 நிமிடம். இடைவேளைகள் பிற்பகலில் நெருங்கி வருவதைக் கவனியுங்கள். காலையில் எங்காவது வெட்டியே தீர வேண்டும் என்றால் 8.55ஐ வெட்டுங்கள். 1.30ஐத் தொடாதீர்கள்.

அந்த 1.30 இடைவேளை கண்ணயர்வதற்கானது. 20 நிமிடத்தில் 5 நிமிடம் தூக்கம் பிடிக்கப் போகும், 10 முதல் 15 நிமிடம் லேசான தூக்கம் கிடைக்கும். அது போதும். 30 நிமிடத்தைத் தாண்டினால் பலர் ஆழ்ந்த தூக்கத்துக்குள் இறங்கிவிடுவார்கள். அங்கிருந்து எழுப்பினால் தலை கனத்து, பேச்சு குழறி, அரை மணி நேரம் வரை ஆள் தெளியமாட்டார். “மதியம் தூங்கினால் இன்னும் மோசமாகிறது” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் முக்கால் மணி தூங்கியவர்கள். நீள்தூர விமானிகளிடம் நாசா நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், 40 நிமிட வாய்ப்பில் சராசரியாக 26 நிமிடம் தூங்கியவர்களின் செயல்திறன் 34 விழுக்காடும் விழிப்பு 54 விழுக்காடும் மேம்பட்டதாகக் கணக்கிட்டார்கள். 26 நிமிடம் என்பது எல்லைக்கு அருகே. மேற்பார்வை இல்லாத ஓய்வறையில் 20ஐத் தாண்ட விட வேண்டாம்.

அறைக்குப் பெரிய செலவு தேவையில்லை. சாய்ந்து கால் நீட்டும் நாற்காலி, விளக்கணைக்கும் வசதி, கண்ணை மறைக்கத் துணி, உடல் குளிர்வதால் மெல்லிய போர்வை, ஆளுக்கொரு அதிர்வு அலாரம். தூங்கினாரா, சும்மா கண்ணை மூடிக் கிடந்தாரா என்று யாரும் கேட்கக் கூடாது. தூங்கியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி வந்தால் தூக்கம் ஓடிவிடும். காபி குடிப்பவராக இருந்தால் படுப்பதற்கு முன் குடிப்பது நல்லது; கஃபீன் அடினோசின் பொருந்தும் இடங்களை அடைத்து வேலை காட்ட 20, 30 நிமிடம் ஆகும், எழும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். பாதி கழிய ஏறத்தாழ 5 மணி நேரம் பிடிப்பதால், 3 மணிக்குமேல் குடித்தது இரவுத் தூக்கத்தில் கை வைக்கும். தூக்கமும் 3 மணிக்குள் முடிந்துவிட வேண்டும். பிந்தினால் இரவில் வரவேண்டிய அழுத்தத்தைக் கரைத்துவிடும். எழுந்தபின் இயந்திரம், ஏணி, வாகனம், மருந்தளவு எதையும் தொடுவதற்குமுன் 5 நிமிடம் முகம் கழுவி நடக்க விடுங்கள்.

எத்தனை அழகாக அட்டவணை போட்டாலும், இடத்தை விட்டுப் போக முடியாத வேலையில் மாற்றாள் இல்லாவிட்டால் அது வெறும் காகிதம்தான். கணக்கைச் சொல்கிறோம். 8 இடங்கள், ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 5 நிமிடம் என்றால் 40 நிமிடம். ஒப்படைப்பதும் திரும்பப் பெறுவதுமாக 16 கைமாற்றங்கள், தலா அரை நிமிடம் என்றால் 8 நிமிடம். மீதி 12 நிமிடம் மாற்றாளின் சொந்த ஓய்வுக்கும் நடைக்கும். 8 இடத்துக்கு ஒரு மாற்றாள் போதும். மணிக்கு 10 நிமிடம் கொடுக்க வேண்டிய கடும் வேலையில் 4 இடத்துக்கு ஒருவர் வேண்டும். இது செலவுதான், மறைக்கவில்லை. எந்த வேலைக்கு 10 நிமிடம் என்பதை அதனால்தான் பார்த்து முடிவு செய்ய வேண்டும்: வெப்பம், பளு, இடைவிடாத கண்காணிப்பு, உயிருக்கு ஆபத்தான கருவி. மாற்றாளின் பெயர் அன்றைய பட்டியலில் இருக்க வேண்டும். “யாராவது பார்த்துக்கொள்வார்கள்” என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஓய்விடம் 60 மீட்டருக்குள் இருக்கட்டும். மூன்று நிமிடம் நடந்து போக வேண்டிய அறைக்கு 5 நிமிட இடைவேளை கொடுத்தால், போய்ச் சேர்ந்ததும் திரும்ப வேண்டியதுதான்.

இடைவேளையில் செய்வது வேலைக்கு நேர் எதிராக இருக்க வேண்டும். நிற்கிறவர் உட்கார்ந்து காலை உயர்த்த வேண்டும். உட்காருகிறவர் நடக்க வேண்டும். நாளெல்லாம் வாடிக்கையாளரோடு பேசுகிறவருக்கு அமைதி தேவை. திரைக்காரர் கைபேசியை எடுத்தால் கண்ணும் கழுத்தும் கவனமும் அதே வேலையைத்தான் தொடர்கின்றன. தடை போடச் சொல்லவில்லை, காரணத்தைச் சொல்லிவிடுங்கள்.

கெடுவது வழக்கமாக எங்கே என்றால், முதலில் இலக்கு பிந்தும் நாளில். அன்றுதான் இடைவேளையை ரத்து செய்வார்கள். அன்றுதான் அது மிகவும் தேவை. அடுத்தது, எல்லா இடைவேளையையும் சேர்த்து வைத்துச் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஏற்பாடு. ஆட்களே ஆசையாகக் கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், நாலரை மணிக்குக் கிடைத்த ஓய்வு இரண்டரை மணிக்கு விரலைக் காப்பாற்றாது. கழிப்பறைக்குப் போகும் நேரத்தை இடைவேளையிலிருந்து குறைத்துக்கொள்வது இன்னொன்று. இது ஆட்களைத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழக்கும். எண்ணிக்கைக்குக் கூலி தரும் இடங்களில் இடைவேளை நிமிடத்துக்கும் கூலி இல்லையென்றால் ஒருவரும் எழமாட்டார்கள்.

இரவு ஷிப்டுக்கு இதே அட்டவணையை நகலெடுக்க வேண்டாம். இரவில் கடிகாரமும் தூக்க அழுத்தமும் ஒரே பக்கம் சாய்கின்றன. 3 முதல் 5 மணி வரை அடி ஆழம். நீண்ட இடைவேளையை அதற்குச் சற்று முன்னால், 2 மணிக்கும் 3 மணிக்கும் நடுவே வையுங்கள். தூங்கி எழுந்தபின் தெளிய 20 நிமிடம் கொடுங்கள், இரவில் அந்த மந்தம் கூடுதல். சலிப்பூட்டும் சரிபார்ப்புகளை 3 மணிக்கு முன்பே முடித்துவிட்டு, அந்த நேரத்துக்கு நடமாட்டமுள்ள வேலையை வையுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவருடைய அளவுக்கு இறங்குவதாக 1997இல் நேச்சர் இதழ் வெளியிட்ட சோதனை காட்டியது. இரவு ஷிப்டு முடித்து வண்டி ஓட்டுகிறவர் பலர் அந்த எல்லையைத் தாண்டியவர்கள். புறப்படுமுன் 20 நிமிடம் படுக்க அவர்களுக்கு ஓய்வறையைத் திறந்து வையுங்கள்.

எல்லோருக்கும் பகல் தூக்கம் ஒத்துவராது. இரவில் தூக்கம் வராமல் அவதிப்படுகிறவருக்கு அது கெடுதல்; அவர் அந்த 20 நிமிடம் வெளிச்சத்தில் நடக்கட்டும். இரவில் 7 மணி நேரத்துக்குமேல் தூங்கியும் பகலில் தினமும் தூங்கி வழிகிறவர், அதிலும் பலமாகக் குறட்டை விடுகிறவர், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவராக இருக்கலாம். அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள், எச்சரிக்கைக் கடிதம் கொடுக்காதீர்கள்.

உடனே எல்லாவற்றையும் மாற்றத் தேவையில்லை. ஒரு பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 4 வாரம் எதையும் மாற்றாமல், ஒவ்வொரு பிழையும் சிறு காயமும் கடைசி இடைவேளை முடிந்து எத்தனையாவது அரை மணியில் நடந்தது என்று மட்டும் குறியுங்கள். அடுத்த 4 வாரம் புதிய அட்டவணை, மாற்றாளோடு. முதல் வாரத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம், கைமாற்றம் பழக அவ்வளவு நாள் ஆகும். நாள் மொத்தத்தை மட்டும் ஒப்பிட்டால் எதுவும் புலப்படாது. அரை மணிக் கணக்கையும், திரும்பச் செய்த வேலைக்குப் போன நேரத்தையும் அருகருகே வையுங்கள். அந்தத் தாளை வேலை செய்தவர்களிடமும் காட்டி, எந்த இடைவேளையை எங்கே நகர்த்தலாம் என்று அவர்களையே கேட்டு, அடுத்த மாத அட்டவணையை எழுதுங்கள்.

இப்படிக்கு,
பணிநலத் துறையில் உழைப்பவர்கள்